கொட்டாமல் வைத்த அரை மில்லி

1/2

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் கேட்க வேண்டியிராது.

ஒசூரில், பாகலூர் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், மாடியில் இயங்கும் பரிசோதனைக் கூடம் ஒன்றுக்கு இரத்தம் கொடுக்கச் சென்றிருந்தேன். வெறும் வயிற்றில் ஒரு முறை, உணவுக்குப்பின் ஒரு முறை. இடைப்பட்ட இரண்டு மணி நேரமும் குளிர்பதனப் பெட்டிக்கு எதிரே கிடந்த நாற்காலியில் அமர்ந்திருந்தேன். பெட்டியின் கண்ணாடிக் கதவு வழியே சோதனைக்குழாய்கள் தெரிந்தன. எல்லாவற்றிலும் அச்சடித்த சீட்டு ஒட்டியிருந்தது. ஒன்றில் மட்டும் வெள்ளைப் பிளாஸ்திரியைச் சுற்றி, நீல மையில், "கொட்ட வேண்டாம் – மா." என்று எழுதி, கீழே தேதியும் போட்டிருந்தது. தேதி ஏழு வாரங்களுக்கு முந்தையது.

"மா. அப்படின்னா யாரும்மா?" என்று அங்கே வேலையாக இருந்த பெண்ணைக் கேட்டேன்.

"நான்தாங்க. அதத் தொட்டுடாதீங்க."

"தொடல. என்ன அது?"

"முதுகுத் தண்ணி."

அவர் இன்னும் ஒரு வாக்கியம் சொன்னார். அதைக் கதையின் இறுதியில் வைத்திருக்கிறேன். இவற்றைத் தவிர மற்ற அனைத்தும் நான் கற்பித்தவை. அவர் பெயர் மாதேஸ்வரி என்பதும் அவற்றில் அடங்கும்.

1/4

முதல் தொடக்கத்தை இவ்வாறு எழுதினேன்:

"பாப்பம்மாவின் உலகத்திலிருந்து ஒலிகள் ஒவ்வொன்றாக விடைபெற்றுக்கொண்டிருந்தன, அஞ்செட்டி மலைக்காடுகளின் மௌனம் அவளுடைய செவிகளில்"

இவ்விடத்தில் நிறுத்திவிட்டேன். ஒலிகள் விடைபெறுவதில்லை. காது கேட்காமற்போகிறது. இரண்டாம் தொடக்கம்:

"தொழுவத்தில் நின்ற பசுவின் விழியோரம் ஒரு துளி"

பசு அழவில்லை. அதற்கு அழும்படியாக ஒன்றும் நேரவில்லை. மூன்றாம் தொடக்கத்தை நீங்கள் இப்போது படிக்கிறீர்கள். அதை மாற்றுவதாக இல்லை.

பாப்பம்மாவுக்கு வயது நாற்பத்தாறு. ஊர், அஞ்செட்டிக்கு அப்பால் ஒரு மலைக்கிராமம். கணவர் கரியப்பன். வீட்டில் மூன்று பசுக்கள். பாப்பம்மாவுக்கு நான்கு மாதங்களாக விட்டுவிட்டுக் காய்ச்சல், பிறகு முதுகுவலி, பிறகு ஓயாத தலைவலி. இப்போது இரு காதுகளும் கேட்கவில்லை. கால்கள் தள்ளாடுகின்றன. எழுந்து நடக்க இரண்டு பேர் பிடிக்க வேண்டும். ஒசூரின் மருத்துவமனை ஒன்றில் திங்கட்கிழமை காலை சேர்த்தார்கள். மருத்துவர் ஜெயப்ரியா அவரைக் குறுக்கிப் படுக்க வைத்து, இடுப்புக்கு மேலே முள்ளெலும்புகளுக்கிடையில் ஊசி செலுத்தி, தண்டுவட நீரைச் சொட்டுச் சொட்டாக எடுத்தார். பிறகு கரியப்பனை விசாரித்தார்.

"மாடு வெச்சிருக்கீங்களா?"

"மூணு உருப்படி இருக்குதுங்க மேடம்."

"பாலக் காய்ச்சாம குடிப்பீங்களா?"

"பச்சப் பாலா? நாங்க பாலே குடிக்கிறதில்லீங்க. அத்தனயும் சொசைட்டிக்குப் போயிடும். வூட்டுல கருப்பு டீதான்."

"மாடெல்லாம் நல்லாருக்கா?"

"மாடு நல்லாத்தான் இருக்குது. இவதான் படுத்துக்கினா."

கரியப்பன் பொய் சொல்லவில்லை. மாடு நலமாகவே இருந்தது. மார்கழியில் மூன்றில் ஒன்று ஈன்ற கன்றுதான் செத்துப் பிறந்தது. வெளியே வராமல் சிக்கிய அந்தக் கன்றைப் பாப்பம்மாதான் முழங்கை வரை வெறுங்கையை விட்டு இழுத்துப்போட்டார். இதை மருத்துவர் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லும் வழக்கம் கரியப்பனுக்கு இல்லை. இப்போதைக்கு, அந்த வீட்டாரைத் தவிர, இது எனக்கும் உங்களுக்கும் மட்டுமே தெரியும்.

ஆயினும் ஜெயப்ரியா கவனமானவர். மாடு என்ற ஒரு சொல்லுக்காகவே, காசநோய்க்கான சோதனைகளோடு இன்னொன்றையும் எழுதினார்: புரூசெல்லா. மாட்டிலிருந்து மனிதருக்கு வரும் கிருமி. மாட்டைப் படுக்கவைக்காது, வயிற்றிலுள்ள கன்றைக் கொல்லும். மூளையுறை வரை போனாலும், சரியான மூன்று மருந்துகளைப் பல மாதங்கள் கொடுத்தால் குணமாகும். கொடுக்காவிட்டால் கால், பிறகு நினைவு, பிறகு உயிர் என்ற வரிசையில் போகும். அந்தக் கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள் தண்டுவட நீரில் இருக்கிறதா, இருந்தால் எந்த அளவில் என்று பார்க்க வேண்டும்.*

* இரத்தத்திலும் இதைப் பார்ப்பார்கள். அந்த இரத்த மாதிரி பெங்களூருக்குப் போயிற்று. முடிவு வெள்ளிக்கிழமை. இக்கதை புதன்கிழமையே முடிந்துவிடும்.

1/8

பகுதி எண்களைக் கண்டு அச்சுப்பிழை என்று எண்ணியிருப்பீர்கள். இல்லை. பரிசோதனைக் கூடத்தில் இப்படித்தான் எண்ணுகிறார்கள்.

ஒரு தாங்கியில் குழாய்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றிலும் அரை மில்லி உப்புநீர் ஊற்றவேண்டும். முதல் குழாயில் அரை மில்லி தண்டுவட நீரைக் கலந்தால் அது பாதியாக நீர்க்கும். அதில் பாதியை எடுத்து இரண்டாவதில் கலந்தால் கால் பங்கு. அதில் பாதியை மூன்றாவதில். இவ்வாறே கடைசிவரை. பிறகு எல்லாக் குழாய்களிலும் செத்த கிருமித் துகள்கள் மிதக்கும் நீரைச் சம அளவில் சேர்த்து, முப்பத்தேழு டிகிரி வெப்பப் பெட்டியில், அசைக்காமல், இருபத்துநான்கு மணி நேரம் வைக்க வேண்டும். எதிர்ப்பொருள் இருந்தால் அது துகள்களை ஒன்றோடொன்று பிணைத்து அடியில் படியவைக்கும். மேலே நீர் தெளியும். இல்லையென்றால் கலங்கலாகவே நிற்கும். தெளிந்தால் நோய், கலங்கினால் நோயில்லை.

கடைசிக் குழாயிலிருந்து எடுக்கும் பாதிக்குப் போக்கிடம் இல்லை. அதைக் கொட்டிவிட வேண்டும் என்பது முறை.

மாதேஸ்வரி கொட்டுவதில்லை. துகள் நீரைச் சேர்ப்பதற்கு முன்பே அந்த அரை மில்லியைத் தனிக்குழாயில் எடுத்து, பெயர் எழுதி, குளிரில் வைத்துவிடுவார். பதினோரு ஆண்டுகளாக இதுதான் அவருடைய வழக்கம்.

ஏன் என்பதற்கு ஒரு பக்கம் எழுதினேன். [அவருடைய தங்கைக்கு வந்த காய்ச்சல், யாரோ கொட்டிவிட்ட மாதிரி, மாதேஸ்வரி எடுத்துக்கொண்ட சபதம்.] பக்கத்தை நீக்கிவிட்டேன். தங்கையைக் கொல்லாமலேயே ஒழுங்காக வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். வாசகர்கள் மட்டும் அதை நம்புவதில்லை.

அடுத்து, கூடத்தின் உரிமையாளர் சிவராஜ். இவரைக் கெட்டவராக அமைக்க எண்ணினேன். நான்கு குழாய்களுக்கு மேல் வைக்க விடாதவர் என்பதால் அது எளிது என்று தோன்றியது. ஆனால் அவரைப் பேசவிட்டபோது நியாயமாகப் பேசினார்.

"ஏம்மா மாதேஸ்வரி, மொத்தமே ரெண்டு மில்லி சொச்சம் குடுத்திருக்காங்க. செல்லு பாக்கணும், சுகர் பாக்கணும், புரோட்டீன் பாக்கணும், டிபிக்குத் தனியா வேணும். முதுகுல இருந்து எடுத்ததும்மா, கொழாயில புடிச்சது இல்ல. நாலு டியூப் போதும். இருந்துச்சுன்னா நாலுக்குள்ள தெரிஞ்சுடும்."

பெரும்பாலும் அவர் சொன்னது சரி. ஆகவே இக்கதையில் கெட்டவர் எவரும் இல்லை. அதனால் வரும் சங்கடத்தை நான் ஏற்கிறேன்.

1/16

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு இருபத்துநான்கு மணி நேரம் நிறைவுற்றது. மாதேஸ்வரி தாங்கியை வெளியே எடுத்து, கறுப்பு அட்டையைப் பின்னால் பிடித்துப் பார்த்தார். நான்கு குழாய்களும் கலங்கல். காசநோய்ச் சோதனையிலும் ஒன்றும் கிடைக்கவில்லை. 'இல்லை' என்று எழுதினார். சிவராஜ் கையொப்பமிட்டார்.

கரியப்பன் அறிக்கையை வாங்க வந்தார்.

"என்னா வந்துருக்குதுங்க?"

"ரெண்டுமே இல்லன்னு வந்துருக்கு. டாக்டர் மேடத்துகிட்டக் காட்டுங்க."

"ஒண்ணுமில்லன்னா எதுக்குங்க காது அடச்சுக்கிச்சு?"

"அத டாக்டர்தாங்க சொல்லணும்."

"அவங்க வெள்ளிக்கெழம வரைக்கும் இருன்னு சொல்றாங்க. எங்க வூட்டு மாட்டப் பக்கத்து வூட்டுல ரெண்டு நாளாக் கறந்து உடறாங்க. மூணாவது நாளு கறப்பாங்களா? நாளைக்கி ஒண்ணர மணி பஸ்ஸுக்குக் கூட்டிக்கினு போயிடறேன்."

"அவங்களுக்கு இன்னொரு தடவ தண்ணி எடுத்துப் பாத்தா..."

"முதுகுல குத்துனது ஒரு தடவ போதும் மேடம். அவ போட்ட சத்தம் அவளுக்கே கேக்கல. எனக்குக் கேட்டுச்சு."

அவர் போன பிறகு, மாதேஸ்வரி குழாய்களைக் கழுவப் போடுமுன் வழக்கம்போல மீண்டும் ஒரு முறை வரிசையைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு அது உறுத்தியது.

நோய் இல்லையென்றால் நான்கும் ஒரே கலங்கலாக இருக்க வேண்டும். நோய் இருந்தால் முதல் குழாய் மிகத் தெளிவாகவும், போகப்போகக் கலங்கலாகவும் இருக்க வேண்டும். இங்கே நான்காவது குழாய், முதல் குழாயைக் காட்டிலும் ஒரு மயிரிழை தெளிந்திருந்தது. வரிசை தலைகீழாக இருந்தது.

இப்படி நேர்வது அரிது, நேராதது அன்று. எதிர்ப்பொருள் குறைவாக இருந்தால் தெரியும். போதுமான அளவு இருந்தால் நன்றாகத் தெரியும். அளவுக்கு மீறி இருந்தால் தெரியாது. ஒவ்வொரு துகளையும் அதுவே முழுவதும் மூடிக்கொள்வதால், எந்தத் துகளும் இன்னொன்றோடு பிணைய இடமில்லை. ஒன்றுமே இல்லாததைப் போலக் கலங்கி நிற்கும். நீர்க்க நீர்க்கத்தான் தெரியவரும்.

[முதல் தொடக்கத்தை நான் ஏன் நிறுத்தினேன் என்பதற்கும் இதுவே விளக்கம். மேலும் விளக்க மாட்டேன்.]

1/32

குளிர்பதனப் பெட்டியில் பாப்பம்மாவின் அரை மில்லி இருந்தது. பதினாறில் ஒரு பங்காக நீர்த்தது. அதிலிருந்தே தொடர்ந்தால் ஐந்தாம், ஆறாம், ஏழாம், எட்டாம் குழாய்கள் கிடைக்கும்.

"சார், பாப்பம்மா சாம்பிள மறுபடி போடறேன்."

"சைன் பண்ணி அனுப்பியாச்சேம்மா."

"நாலாவது டியூபு மொதல் டியூப விடத் தெளிஞ்சிருக்குது சார்."

சிவராஜ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நெடுநேரம் பார்த்தார். "எனக்கு நாலும் ஒண்ணாத்தான் தெரியுது."

"எனக்கு அப்படித் தெரியல சார்."

"உனக்கு அப்படித் தெரியலன்னா எனக்கும் தெரியலன்னு எழுதிக்க முடியாதும்மா. ஏற்கெனவே இல்லன்னு எழுதியிருக்கோம். இப்ப இருக்குன்னு வந்தா என்னா சொல்றது?"

"இருக்குன்னு சொல்றது சார்."

சிவராஜ் அறிக்கைப் புத்தகத்தை மூடினார். பிறகு சொன்னார். "போடு. ஆனா முழு டயமும் வெச்சுப் பாரு. பாதியில தூக்கிப் பாத்துட்டு வந்து சொல்லாத. முழுசாப் பாத்துட்டுச் சொன்னா நானே டாக்டருக்குப் போன் பண்றேன்."

மாதேஸ்வரிக்கு இந்த எச்சரிக்கை தேவையில்லை. பதினோரு ஆண்டுகளில் அவர் ஒரு தாங்கியைக்கூட நேரத்துக்கு முன் எடுத்ததில்லை. செவ்வாய் பிற்பகல் இரண்டரை மணிக்கு நான்கு புதிய குழாய்களை வெப்பப் பெட்டிக்குள் வைத்து, நேரத்தைக் குறித்தார். எட்டாம் குழாயிலிருந்து எடுத்த பாதியையும் கொட்டவில்லை.

கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். நேரம் நிறைவுறுவது புதன் இரண்டரை மணி. பேருந்து புதன் ஒன்றரை மணி.*

* இந்த நேரத்தைச் சரிபார்க்க ஒசூர்ப் பேருந்து நிலையத்துக்கு நேரில் சென்றேன். அஞ்செட்டிப் பேருந்து எப்போது என்று மூன்று பேரைக் கேட்டேன். ஒருவர் ஒன்றேகால் என்றார். ஒருவர் ஒன்றே முக்கால் என்றார். மூன்றாமவர், "வந்தா போவும்" என்றார். ஒன்றரை என்பது என் சராசரி.

1/64

புதன்கிழமை. மணி ஒன்று.

இங்கே மாதேஸ்வரியைப் பற்றி எனக்கு ஐயம் வந்தது. முறைப்படி நடப்பவர் என்று மூன்று பகுதிகளாகச் சொல்லிவந்தேன். இப்போது அவர் வெப்பப் பெட்டியைத் திறந்தால் இதுவரை எழுதியது பிழை. திறக்காவிட்டால் பாப்பம்மா பேருந்தில் போய்விடுவார். அஞ்செட்டிக்கு அப்பால் கைப்பேசி எடுக்காது. வெள்ளிக்கிழமை இரத்தத்தின் முடிவு என்னவாக வந்தாலும் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க அங்கே முகவரி என்று ஒன்று இல்லை.

இரண்டரை மணி வரை பேருந்தைத் தாமதிக்கச் செய்யலாம் என்று யோசித்தேன். ஒரு கதாசிரியருக்கு அது கடினமன்று. தேன்கனிக்கோட்டைச் சாலையில் ஒரு லாரியைக் குறுக்கே நிறுத்தினால் போதும். அது நேர்மையன்று.

மாதேஸ்வரி முதலில் மருத்துவரை அழைத்தார். செவிலியர் எடுத்தார். மேடம் உள்ளே ஒருவருக்கு ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார், ரெண்டு மணிக்கு மேலே கூப்பிடுங்கள் என்றார். சிவராஜ் சாப்பிடப் போயிருந்தார்.

மாதேஸ்வரி வெப்பப் பெட்டிக்கு முன்னால் போய் நின்றார். கையைத் துடைத்துக்கொண்டார். அசைத்தால் படிந்தது கலைந்துவிடும். அசைக்காமல் கண்ணால் மட்டும் பார்த்தால் கலையாது. கலங்கி நிற்பது இன்னும் ஒன்றரை மணியில் தெளியலாம். ஆனால் தெளிந்தது திரும்பக் கலங்காது. இதையெல்லாம் அவர் தமக்குள் வரிசையாகச் சொல்லிக்கொண்டார். சொல்லி முடித்தும் கை எழவில்லை.

ஒன்று ஏழுக்குத் திறந்தார்.

ஐந்தாம் குழாய், பாதி தெளிவு. ஆறாம் குழாய் குடிநீரைப் போல இருந்தது. அடியில், விரித்த துணியைப் போல, வெண்படிவு. ஏழாவதும் அப்படியே. எட்டாவது மீண்டும் சற்றுக் கலங்கல்.

இரண்டு குழாய்கள் தெளிந்திருந்தன. அவர் கதவை மெதுவாகச் சாத்தினார். சாத்திய பிறகும் கைப்பிடியை விடவில்லை.

1/128

அவரைப் பேருந்து நிலையத்துக்கு ஓடவிட்டேன். படிக்கட்டில் இறங்கி, சாலையைக் கடந்து, ஒரு ஆட்டோவை நோக்கிக் கையை உயர்த்தியபோது நிறுத்தினேன். அவர் ஓடுபவர் அல்லர். திருப்பி அழைத்துவந்து தொலைபேசியின் முன் அமர்த்தினேன்.

"யாரு?"

"லேப்ல இருந்து மாதேஸ்வரி பேசறேன். நேத்து ரிப்போர்ட் குடுத்தனே."

"சொல்லுங்க மேடம். பஸ்ல ஏறிக்கினு இருக்கறோம். இவள உக்கார வெச்சுட்டேன்."

"எறக்கிடுங்க."

"ரெண்டு பேரு புடிச்சு ஏத்துனது மேடம். என்னாத்துக்கு எறக்கறது?"

"அவங்களுக்கு என்னான்னு தெரிஞ்சுபோச்சு. மருந்து இருக்குது."

"நேத்து ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்தீங்க."

"நேத்து நாலு டியூபு பாத்தோம். இன்னிக்கி எட்டு."

"நாளைக்கிப் பன்னெண்டு பாப்பீங்க. அதுல என்னா வருமோ."

கரியப்பனுக்குப் பின்னால் யாரோ, "அஞ்செட்டி, அஞ்செட்டி, ஏறு ஏறு" என்று கத்துவது கேட்டது.

"இது மாட்டுல இருந்து வந்ததுங்க."

"மாடு நல்லாத்தான் இருக்குதுன்னு டாக்டர்கிட்ட அன்னிக்கே சொன்னேன்."

"கன்னு?"

கரியப்பன் படியில் வைத்திருந்த ஒரு காலைக் கீழே இறக்கினார்.

"கன்னு நல்லாருக்குதா?"

"அது செத்துத்தான் உழுந்துச்சு," என்றார் கரியப்பன். குரல் தாழ்ந்துவிட்டது. "மார்கழில. வெளிய வரல. இவதான் கைய உட்டு இழுத்தா. ரெண்டு நாளு கைய மோந்து மோந்து பாத்துக்கினு இருந்தா. அதுக்கும் இதுக்கும் என்னாங்க?"

"அதுதாங்க இது."

"நெசமாவா? உறுதியாச் சொல்றீங்களா?"

சுவரில் மணி ஒன்று இருபத்தாறு. விதிப்படி இந்தக் கேள்விக்கான விடை இரண்டரை மணிக்குத்தான் பிறக்கும்.

"உறுதி," என்றார் மாதேஸ்வரி.

இந்தச் சொல்லை நான்தான் எழுதினேன். பாத்திரம் என்னை மீறிப் பேசிவிட்டது என்றெல்லாம் பாசாங்கு செய்ய மாட்டேன். மூன்று நாட்கள் யோசித்து எழுதினேன்.

1/256

மீதமிருப்பது ஒரு கேள்வி. கரியப்பன் மனைவியை இறக்கினாரா?

இறக்கினார் என்று ஒரு முடிவு எழுதினேன். அதில் பாப்பம்மாவுக்கு எட்டாம் மாதம் ஒரு காது திரும்புகிறது. முதலில் கேட்பது கன்றின் குரல். படித்துப் பார்த்தேன். முதல் குழாயைப் போலக் கலங்கலாக இருந்தது.

இறக்கவில்லை என்று ஒரு முடிவு எழுதினேன். நடத்துநர் விசிலை ஊதுகிறார். கைப்பேசியில் "ஹலோ, ஹலோ" மட்டும். அதுவும் கலங்கல்.

ஆகவே எனக்குத் தெரிந்ததை மட்டும் வைக்கிறேன். அன்று அந்தப் பெண் என்னிடம் சொன்ன, நான் எடுத்துவைத்த வாக்கியம் இது:

"அவங்க வர்ற வரைக்கும் இருக்கட்டும்னு வெச்சிருக்கறங்க."

அது ஏழு வாரப் பழைய குழாய். மருந்து எடுத்துக்கொள்பவரை மூன்று மாதம் கழித்து மீண்டும் வரச்சொல்வார்கள். ஏழு வாரத்தில் அவர் வந்திருக்க மாட்டார். பேருந்தில் போய்விட்டவரும் வந்திருக்க மாட்டார். இரண்டுக்கும் அந்த வாக்கியம் பொருந்துகிறது. எதற்குச் சொன்னார் என்று அன்றே கேட்டிருக்க வேண்டும். உணவுக்குப்பின் இரத்தம் எடுக்க என் பெயரை அழைத்துவிட்டார்கள். எழுந்து போய்விட்டேன். என்னை அடுத்த முறை வரச்சொல்லியிருப்பது ஆறு மாதம் கழித்து.

அதுவரை பேருந்து நிற்கும். நடத்துநரின் வாயில் விசில் இருக்கிறது, ஊத விடவில்லை. பாப்பம்மா சன்னலோரம் மடியில் பையை வைத்துக்கொண்டு கணவரின் வாயசைவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கரியப்பன் ஒரு காலைப் படியிலும் ஒரு காலைத் தரையிலும் வைத்து, கைப்பேசியைக் காதோடு அழுத்திப் பிடித்திருக்கிறார். பாப்பம்மாவை இறக்குவதென்றால் அவருடைய மறுகையைப் பிடிக்க இன்னொருவர் வேண்டும். பேருந்தில் நாற்பது பேர் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களில் எழுந்திருப்பவர் யார் என்று நான் எழுதவில்லை. அந்த இடத்தைக் கொட்டாமல் வைத்திருக்கிறேன்.